முதல் ரவுண்டில் ஜெயிப்பவர்கள்

விருதுநகரில் விடிகாலை ஐந்து மணிக்கு விழித்திருப்பவர்கள் மூன்று ரகம். பால்காரர்கள், பஜாரில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்கள், போலீஸ் வேலைக்கு ஓடுகிற பையன்கள். முதல் இரண்டு ரகத்துக்கும் அன்றைக்கே கூலி உண்டு. மூன்றாவது ரகத்துக்கு எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்பதே தெரியாது. ஆனாலும் ஓடுகிறார்கள். மைதானத்தில், ரயில்வே லைன் ஓரத்து மண்பாதையில், நாலுவழிச் சாலையின் சர்வீஸ் ரோட்டில். சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் போனால் சீமைக் கருவேல மரங்களுக்கு நடுவே கரிசல் தடத்தில்.

இவர்களிடம் போய், 'தம்பி, ஒலிம்பிக்ஸுக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ரவுண்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய ஒலிம்பிக்ஸ் 1500 மீட்டர், ஏழு நிமிஷம். இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு ஆண்களுக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் வைத்திருக்கும் கணக்கு அது. ராணுவத்துக்கு இன்னும் கொஞ்சம் உறைப்பு அதிகம். 1.6 கிலோமீட்டரை 5 நிமிஷம் 30 செகண்டுக்குள் முடித்தால் 60 மார்க். 5.31-லிருந்து 5.45 வரை 48 மார்க். அதையும் தாண்டினால், 'ஊருக்குப் போக பஸ்ஸுக்குக் காசு இருக்கா தம்பி?' என்பதுதான் பல வருஷமாக இருந்துவந்த வழக்கம்.

ஓடினால்தான் வேலை. வேலை கிடைத்ததும் ஓட்டம் நின்றுவிடும். அப்புறம் பெல்ட்டில் வருஷத்துக்கு ஒரு ஓட்டை தள்ளிப் போகும். ஓட்டத்துக்கும் ஓட்டைக்கும் நடுவே இருப்பதுதான் சர்க்கார் உத்தியோகம் என்று நண்பர் ஒருவர் சொல்வார். அவர் ரிட்டையர்டு ஏட்டு. சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

கையில் செகண்ட் முள் ஓடுகிற வாட்ச் கட்டியிருந்த ஒரே காரணத்துக்காக, காலை நடைக்குப் போன என்னை இந்தப் பையன்கள் டைம் கீப்பராக நியமித்துவிட்டார்கள். சம்பளம் கிடையாது. பஞ்சப்படியும் கிடையாது. 'அண்ணாச்சி, எவ்வளவு?' என்று மூச்சிரைத்துக்கொண்டே கேட்பார்கள். நான் நம்பரைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் எல்லைக்கோட்டருகே நின்றுகொண்டே இருப்பவனுக்கு, ஓடுகிறவனுக்குத் தெரியாத சில விஷயங்கள் தெரிந்துவிடுகின்றன. முக்கியமான விஷயம், முதல் ரவுண்டில் ஜெயிக்கிறவன் கடைசி ரவுண்டில் காணாமல் போய்விடுகிறான்.

*

கணக்கைப் பாருங்கள். 1600 மீட்டர் என்றால் 400 மீட்டர் மைதானத்தில் நாலு ரவுண்டு. ஐந்தரை நிமிஷம் என்றால் 330 செகண்ட். நாலால் வகுத்தால் ரவுண்டுக்கு 82½ செகண்ட். ஐந்தாம் கிளாஸ் கணக்குதான். ஆனால் விசில் ஊதிய மாத்திரத்தில் நம்ம பையன் பத்தாயிரம்வாலாவுக்குத் திரி கிள்ளி வைத்த மாதிரி கிளம்புகிறான். முதல் ரவுண்டு 68 செகண்ட். சுற்றியிருக்கிற சேக்காளிகள் கை தட்டுகிறார்கள். இரண்டாவது 80. மூன்றாவதில் கழுத்து நரம்பு புடைத்து, தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறி, 95. நாலாவது ரவுண்டு ஓட்டமா நடையா என்று பட்டிமன்றம் வைக்கலாம். 100. கூட்டினால் 343. அதாவது 5.43. பன்னிரண்டு மார்க் போச்சு.

அதே பையன், அதே நுரையீரல், அதே காலை. 82, 83, 83, 82 என்று ஓடச் சொல்லி, நூறு மீட்டருக்கு ஒரு ஆளை நிறுத்தி நேரம் சொல்ல வைத்தால் 5.30-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறான். ஆனால் முதல் ரவுண்டை 82-ல் ஓடச் சொன்னால் அவனுக்கு வருகிற கோபம் இருக்கிறதே! 'நடக்கிற மாதிரி இருக்கு அண்ணாச்சி. எல்லாப் பயலும் முன்னால போயிட்டான். அசிங்கமா இருக்கு.'

அந்த அசிங்கத்தைத் தாங்கப் பழகுவதுதான் தொலைதூர ஓட்டத்தின் முதல் பாடம். பாதிப் பேர் அந்தப் பாடத்தில்தான் ஃபெயில்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். நுரையீரலும் இதயமும் சேர்ந்து தசைக்கு ஆக்ஸிஜன் சப்ளை செய்ய ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்துக்குள் ஓடுகிறவரை வரவும் செலவும் சரியாக இருக்கும். தாண்டினால், ஆக்ஸிஜன் போதாமல் தசை கடன் வாங்கி ஓட ஆரம்பிக்கும். கடன் ஏற ஏறத் தசைக்குள் அமிலத்தன்மை கூடி, கால் ஈயமாகக் கனக்கும். அந்தக் காலப் புத்தகங்கள் இதற்கு லாக்டிக் அமிலத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தன. லாக்டேட்டை உடம்பு எரிபொருளாகவும் பயன்படுத்துகிறது என்று பிற்பாடு தெரிந்து, பாவம், அதைப் பெரும்பாலும் விடுதலை செய்துவிட்டார்கள். குற்றவாளி யாராக இருந்தாலும் தண்டனை மாறவில்லை. முதல் ரவுண்டில் வாங்கிய கடனுக்கு மூன்றாவது ரவுண்டில் கந்துவட்டி கட்டித்தான் ஆக வேண்டும்.

2019 அக்டோபர் 12-ம் தேதி கென்யாவின் எலியுட் கிப்சோகே வியன்னாவில் 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிஷம் 40 செகண்டில் ஓடினார். காற்றை மறைக்க மாற்றி மாற்றி 41 பேர் கூட ஓடினார்கள். அதனால் அதை அதிகாரபூர்வ சாதனையாக ஏற்கவில்லை. அது கிடக்கட்டும். விருதுநகரில் கிளம்பி ஏறக்குறைய மதுரை எல்லையைத் தொடுகிற தூரம். நாம் சைக்கிள் மிதித்தாலே மூச்சு வாங்குகிற வேகம். அதைவிட ஆச்சரியம், அத்தனை கிலோமீட்டரிலும் ஒவ்வொன்றையும் அவர் 2 நிமிஷம் 48 செகண்டுக்கும் 52 செகண்டுக்கும் இடையிலேயே ஓடியதுதான். நாலு செகண்ட் வித்தியாசம்! நம் ஊரில் ஒரே கடையில் அடுத்தடுத்துப் போட்ட இரண்டு டீக்கு நடுவில்கூட அதைவிட வித்தியாசம் இருக்கும்.

சொல்ல மறக்கக்கூடாது. மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் ஓடிய தூரம் அது. 1921-ல் அதையே நிரந்தரமாக்கினார்கள். நம் பக்கத்தில் பனியன் கொடுத்து, கொடியசைத்து, மூன்று கிலோமீட்டர் ஓடவிட்டு, 'மாபெரும் மாரத்தான்' என்று பேனர் கட்டுகிறோம். ஓடி முடித்தவர்கள் நேரே எண்ணெய் புரோட்டா கடைக்குப் போய், எரித்த கலோரியை வட்டியோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். தப்பில்லை. அதற்கு மாரத்தான் என்று பெயர் வைப்பது மட்டும்தான் கொஞ்சம் இடிக்கிறது.

*

பயிற்சியாளர் என்றதும் டிராக் சூட், கூலிங் கிளாஸ், வெளிநாட்டு டிப்ளமா எல்லாம் ஞாபகம் வருகிறதா? இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒருவர் நியூஸிலாந்துக்காரர், ஆர்தர் லிடியார்ட். ஆக்லாந்தில் ஷூ ஃபாக்டரித் தொழிலாளி. தன் உடம்பையே சோதனைச்சாலையாக்கி, வாரத்துக்கு நூறு மைலும் அதற்கு மேலும் ஓடிப் பார்த்து ஒரு முறையைக் கண்டுபிடித்தார். பிறகு தன் பேட்டைப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் செப்டம்பர் 2-ம் தேதி, ஒரே நாளில், அவருடைய பையன்களில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். பாரி மகீ மாரத்தானில் வெண்கலம். (அந்த மாரத்தானில் தங்கம் வாங்கிய எத்தியோப்பியர் அபெபே பிகிலா, வெறுங்காலோடு ஓடினார். நம் கரிசல் பையன்கள் கவனிக்க.)

லிடியார்டின் ரகசியம் ரொம்ப எளிமையானது. வருஷத்தில் பெரும்பகுதி மெதுவாக, நிறைய ஓடு. வேகம் கடைசியில்தான். ரெண்டே ரவுண்டு ஓட வேண்டிய ஸ்னெல்லையும் ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் 22 மைல் ஓட வைத்தவர் அவர். எந்த வேகத்தில் என்றால், பக்கத்தில் ஓடுகிறவனோடு பேசிக்கொண்டே போக முடிகிற வேகத்தில். நம்ம ஊர் பாஷையில், துவரம்பருப்பு விலையும் வத்தல் விலையும் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான வேகம். 'ம்', 'ஆங்' என்று இறங்கிவிட்டால் கொஞ்சம் குறை.

இன்னொருவர் அயர்லாந்துப் பாதிரியார் சபையைச் சேர்ந்த பிரதர் கோம் ஓ'கானல். 1976-ல் கென்யாவில் ஈட்டன் என்ற மலையூருக்கு, செயின்ட் பாட்ரிக்ஸ் பள்ளியில் பூகோளம் சொல்லித்தரப் போனார். ஓட்டத்தில் எந்தப் பயிற்சியும் எடுத்தவரில்லை. பையன்கள் ஓடுவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். அவரிடம் படித்த பீட்டர் ரோனோ 1988 சியோலில் 1500 மீட்டர் தங்கம். அவர் வளர்த்த டேவிட் ருடிஷா 2012 லண்டனில் 800 மீட்டரை 1 நிமிஷம் 40.91 செகண்டில் ஓடி உலக சாதனை.

ஒருவர் ஷூ ஃபாக்டரி, ஒருவர் பூகோள வாத்தியார். இருவரிடமும் பொதுவாக இருந்தது என்ன? பையன்களைத் தினமும் போய்ப் பார்த்தார்கள். அவசரப்படவில்லை. சொல்வதற்கு எளிது. நம் பக்கத்திலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். பென்ஷன் வாங்கும் பழைய ராணுவக்காரர்கள், பெல் அடிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வந்து நிற்கிற பி.டி. வாத்தியார்கள். பைசா வாங்குவதில்லை. இவர்களைப் பற்றி எந்தப் பேப்பரிலும் வருவதில்லை. இவர்கள் ஒரு நாள் வராவிட்டால் மைதானத்துக்குத்தான் தெரியும்.

*

தமிழ்நாட்டில் தொலைதூர ஓட்டம் என்றால் புதுக்கோட்டையைச் சொல்லாமல் முடியாது. மழை குறைவு, மண் கடினம், வசதி சொற்பம் என்று எல்லாவற்றிலும் விருதுநகருக்குப் பங்காளி. அங்கேயிருந்து ராணுவத்துக்குப் போன ஜி. லக்ஷ்மணன், 2017-ல் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. 10,000 மீட்டர். 25 ரவுண்டு. மூன்றாவதாக வந்து வெண்கலம். கொடியைப் போர்த்திக்கொண்டு சந்தோஷப்பட்டார். கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வந்தது. ஒரு இடத்தில் அவர் கால் உள்பக்கக் கோட்டைத் தாண்டி விழுந்திருந்ததாம். மெடல் கிடையாது. அது நாலாவது வந்த சீனருக்குப் போயிற்று.

பத்து கிலோமீட்டரில் ஒரு எட்டு! அநியாயம் என்று நாம் கொதிக்கலாம். விதி என்னவோ விதிதான். பையன்களுக்கு இதைச் சொன்னால், 'கோட்டைத் தொட்டா அவ்வளவுதானா அண்ணாச்சி?' என்று கண்ணை விரிக்கிறார்கள். நம் மைதானங்களில் பாதிக்குக் கோடே கிடையாது. மழைக்கு அழிந்த சுண்ணாம்புக் கோட்டில் பழகியவன் கோட்டை மதிக்க எங்கே கற்பான்? ஓட்டத்தைவிட முன்னால் சொல்லித்தர வேண்டிய விஷயங்களில் இதுவும் ஒன்று.

அதே மாவட்டத்தின் சாந்தி செளந்தரராஜன் கதை இன்னும் கனமானது. செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று ஒன்றை நடத்தி மெடலைப் பறித்தார்கள். ஊரறிய அவமானம். வேறு யாராக இருந்தாலும் மைதானம் இருக்கும் திசைக்கே கும்பிடு போட்டிருப்பார்கள். சாந்தி என்ன செய்தார் தெரியுமா? ஊருக்குத் திரும்பி, பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஓட்டம் சொல்லித்தர ஆரம்பித்தார். நடுவில் வறுமை வந்து அவரே செங்கல் சூளை வேலைக்குப் போன காலமும் உண்டு. பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு. 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை. எந்த ஓட்டம் தன்னிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கியதோ, அதையே அடுத்த தலைமுறைக்குக் கற்றுத்தர ஒரு மனசு வேண்டும். அந்த மனசுக்கு ஸ்டாப் வாட்ச் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

*

திருத்தங்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர், பெயர் போட வேண்டாம் என்று சொல்லி எழுதியிருக்கிறார். பட்டாசு ஆலையில் வேலை. பையனுக்குப் பன்னிரண்டு வயசு. நன்றாக ஓடுகிறானாம். 'தெருவுல எல்லாரும் இவனை தினம் பத்து கிலோமீட்டர் ஓட வை, பெரிய ஆளாயிருவாங்கிறாங்க. ஓட விடலாமா?'

விடாதீர்கள், ஐயா. ஒரு பழைய கதை சொல்கிறேன். ஒடிஷாவில் புதியா சிங் என்று ஒரு குழந்தை. 2006 மே மாதம் பூரியிலிருந்து புவனேஸ்வர் வரை 65 கிலோமீட்டரை 7 மணி 2 நிமிஷத்தில் ஓடினான். அப்போது வயசு நாலு. மே மாத வெயில். தேசமே கை தட்டியது. டி.வி. காமிராக்கள் துரத்தின. கடைசியில் குழந்தை துவண்டுவிட்டான். அப்புறம் அரசாங்கம் தலையிட்டு நீண்ட ஓட்டத்துக்குத் தடை போட்டது. கோர்ட், கேஸ், சண்டை. அவனுடைய பயிற்சியாளர் 2008-ல் வேறொரு விவகாரத்தில் கொலையானார். பெரியவனான புதியா சிங் ஒலிம்பிக்ஸுக்கு வரவில்லை. நாலு வயசில் ஊரெல்லாம் கை தட்டியதோடு சரி.

வளர்கிற வயசில் எலும்பின் முனைகள் இன்னும் குருத்தாகவே இருக்கும். வளர்ச்சி நடப்பதே அந்த இடத்தில்தான். தார் ரோட்டில் தினமும் பத்து கிலோமீட்டர் என்று அடித்தால் அடி அங்கேதான் விழும். முழங்காலுக்குக் கீழே வலி, குதிகாலில் வலி என்று பையன் சொல்ல ஆரம்பித்தால் அது சோம்பேறித்தனம் இல்லை. உடம்பு எழுதுகிற லெட்டர். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் 14 வயசுக்கு உட்பட்டவர்களுக்கு அதிகபட்ச ஓட்டமே 600 மீட்டர்தான் என்பதைக் கவனியுங்கள். காரணம் இல்லாமலா வைத்தார்கள்?

பன்னிரண்டு வயசுப் பையன் கபடி ஆடட்டும். கிட்டிப்புள் ஆடட்டும். மரம் ஏறட்டும். வாரத்தில் மூன்று நாள் மண்ணில், தன் இஷ்டத்துக்கு ஓடட்டும். பதினாறு வயசிலும் அவனுக்கு ஓட ஆசை இருந்தால் ஜெயித்தீர்கள். பதினான்கில் சாம்பியனாகி, பதினெட்டில் 'ஓட்டம்னாலே வெறுப்பா இருக்கு' என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள்தான் நம்மிடம் அதிகம். இதில் வயசைக் குறைத்து சர்ட்டிஃபிகேட் வாங்கும் கில்லாடித்தனம் வேறு. அதைப் பிடிக்க மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கிறார்கள். சர்ட்டிஃபிகேட் பொய் சொன்னாலும் எலும்பு சொல்வதில்லை.

சாப்பாடும் முக்கியம். வெறும் வயிற்றில் ஓடவிட்டு, டப்பாவில் விற்கும் பவுடரை வாங்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து ஊர் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் இருக்கிறது. 2020-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. கம்மங்கூழ் இருக்கிறது. முட்டை இருக்கிறது. படிக்க வருகிற பிள்ளை பசியோடு உட்காரக்கூடாது என்று 1956-ல் மதிய உணவைக் கொண்டுவந்த மனிதர் பிறந்த ஊர் இது. ஓட வருகிற பிள்ளைக்கும் அதே நியாயம்தான். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தத்தில் இரும்பு குறைந்தால் ஆக்ஸிஜனைச் சுமக்க ஆள் குறைவு. அப்படி ஒரு பெண் பின்தங்கினால், 'சோம்பேறி' என்று விசில் ஊதுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

*

இந்தப் பக்கத்துப் பையன்கள் ஏன் இவ்வளவு வெறியோடு ஓடுகிறார்கள் என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு.

அதே விடிகாலை நேரத்துக்கு இந்த மண்ணில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1980-களில் சிவகாசி, சாத்தூர் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு விடியுமுன் ஃபாக்டரி பஸ் வரும். தூங்கி வழிகிற பிள்ளைகளை எழுப்பி ஏற்றிவிடுவார்கள். தீப்பெட்டி ஒட்ட, குச்சி அடுக்க. திரும்பி வரும்போது இருட்டியிருக்கும். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், சிவகாசி வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பிள்ளைகள் மெதுமெதுவாகப் பள்ளிக்கூடம் போனார்கள். அன்றைக்குப் பஸ் ஏறிய பிள்ளைகள் இன்று அப்பா, அம்மா. அவர்களுடைய பையன்கள் அதே நேரத்துக்குத் தாமாகவே எழுந்து ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்த மாவட்டம் வாங்கிய பெரிய மெடல் இதுதான்.

2018-ல் சரவெடிக்குத் தடை, பேரியம் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்த பிறகு ஆலை வேலையும் முன்போல் நிச்சயமில்லை. நிச்சயமாக இருந்தாலும் எத்தனை தகப்பன்கள் மகனை அங்கே அனுப்ப ஆசைப்படுவார்கள்? 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை வெடித்தபோது சுமார் 40 பேர் போனார்கள். அதில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள்கூட இல்லை. புகையைப் பார்த்து உதவ ஓடி வந்தவர்கள். அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். மருந்து இடிக்கும் அறைக்கும் காக்கிச் சட்டைக்கும் நடுவே 1500 மீட்டர் இருக்கிறது. அந்தப் பையன் முதல் ரவுண்டில் தலைதெறிக்க ஓடுவது ஏன் என்று புரிகிறதா? வீட்டிலிருந்தே ஓடி வருகிறான்.

அதனால்தான் அவனுக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. அதனாலேயே அதைக் கட்டாயம் கற்றுக்கொடுக்கவும் வேண்டியிருக்கிறது.

*

ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிக்கிற அன்பர்களுக்கு: உங்களுக்குச் செலக்ஷன் எதுவும் இல்லை. மார்க் இல்லை. கொடுத்துவைத்தவர்கள். வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிஷம். இரண்டு நிமிஷம் மெதுவாக ஓடுங்கள். இரண்டு நிமிஷம் நடங்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். நம் ஊர் வெயில் யாருக்கும் சலுகை காட்டாது. நாற்பது தாண்டியிருந்தால், சர்க்கரை, பிரஷர் இருந்தால், முதலில் டாக்டரைப் பாருங்கள். மழைக்காலத்தில் கரிசல் மண்ணில் ஓடாதீர்கள். பத்து எட்டு வைப்பதற்குள் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு முளைத்துவிடும். பக்கத்தில் ஓடுகிற பையன் உங்களை முந்தினால் துரத்தாதீர்கள். அவனுக்கு வேலை வேண்டும். உங்களிடம் இருக்கிறது.

மைதானத்துக்கு வரும் பையன்களில் எத்தனை பேர் செலக்ட் ஆனார்கள் என்றுதான் எல்லோரும் பயிற்சியாளரிடம் கேட்கிறார்கள். ஆனவர்களின் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். நியாயம்தான். ஆனால் 5.46-ல் வந்து ஊருக்குத் திரும்பியவன் என்ன ஆனான் என்று யாரும் கேட்பதில்லை. நான் பார்த்தவரை நல்ல பயிற்சியாளர் அன்றைக்குச் சாயங்காலமே அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுகிறார். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. ஒரு காப்பி குடிப்பார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வார்:

'நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்துரு. முதல் ரவுண்டு மெதுவாப் போவோம்.'